மொட்டைமாடியில் தெரியும் மெட்ரோ

மொரீஷியஸின் வாக்வாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மெட்ரோ போவது தெரியும். ஸ்டேஷன் நேர்கோட்டில் 400 மீட்டர்கூட இருக்காது. ஆனாலும் நான் காரில் போய் ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் போர்ட் லூயிக்கு ரயில் ஏறுகிறேன். எபேனில் வேலை பார்க்கும் என் மனைவி ரயில் பக்கமே போவதில்லை. முழுத் தூரமும் கார்தான். ரெதுய் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் காலையில் நடந்து போகிறாள்; மாலையில் போன் செய்து, வந்து அழைத்துப் போகச் சொல்கிறாள். ஒரே வீடு, ஒரே ஸ்டேஷன். நாங்கள் சோம்பேறிகளா?"

இல்லை ஐயா. மகளுக்காக மாலையில் மறுபடி காரை எடுக்கிறவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? உங்கள் மூவருக்கும் வீடு ஒன்றாக இருக்கலாம், வழி ஒன்றல்ல. இந்தத் தீவின் மனை வரைபடங்களோடு முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில், உங்கள் கேள்வியில் என் கண் முதலில் போய் நின்ற சொல் 'நேர்கோட்டில்' என்பதுதான். நேர்கோட்டில் நடக்க உங்களுக்கு வழி இருக்கிறதா?

உங்கள் குடியிருப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் உடன்பிறப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். கரும்பு நிலமாக இருந்ததை மனை மனையாகப் பிரித்து விற்ற மோர்செல்மான். பெரிய சாலையில் ஒரே ஒரு வாயில். உள்ளே நுழைந்தால் நாலைந்து தெருக்கள். ஒவ்வொன்றும் 'எம்பாஸ்' என்ற பலகையோடு ஒரு மதிலில் போய் முட்டும். உங்கள் வீடு அப்படியொரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். மாடியிலிருந்து ரயில் தெரிகிறது என்றால், உங்கள் பின்மதிலுக்கு அப்பால்தான் தண்டவாளம். வாசலோ எதிர்த்திசையில். ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நீங்கள் முதலில் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும். வாயிலுக்குப் போய், பெரிய சாலையில் திரும்பி, ரவுண்டானாவைச் சுற்றி, மறுபடி உள்ளே வர வேண்டும். அளந்து பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரவில்லை என்றால் தால் பூரி என் செலவு.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மெட்ரோ திட்டம் தீட்டுகிறவர்கள் ஸ்டேஷனை நடுவில் வைத்து 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர், பத்து நிமிட நடை. வட்டத்தின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர். அதற்குள் இத்தனை வீடு, ஆகவே இத்தனை பயணி என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். எனக்கு அந்த வட்டத்தின்மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. சதுரங்கப் பலகை போலத் தெருக்கள் ஒழுங்காகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஊரிலேகூட, பத்து நிமிடத்தில் நடந்து எட்டக்கூடிய பகுதி வட்டமாக இராது. மூலை மேலே வரும்படி சாய்த்து வைத்த சதுரமாக இருக்கும். அதன் பரப்பு 1.28 சதுர கிலோமீட்டர். ஒழுங்கான ஊரிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இனி முட்டுச்சந்து ஊருக்கு வாருங்கள். நேர்த்தூரத்தைப் போல இரண்டு மடங்கு சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எட்டக்கூடிய பகுதி வட்டத்தில் பாதியாகக் குறையும் என்றுதான் தோன்றும். கால்வாசியாகக் குறையும். தூரம் இரட்டித்தால் பரப்பு நாலில் ஒன்று. அதாவது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பதாகக் காகிதத்தில் எண்ணப்பட்ட நாலு வீட்டில் மூன்று வீடு உண்மையில் பக்கத்தில் இல்லை. உங்கள் வீடு அந்த மூன்றில் ஒன்று.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இது எனக்குப் பிடித்த கதை; நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1865-இல் போர்ட் லூயியிலிருந்து மேட்டு நிலத்துக்கு மிட்லண்ட் ரயில் பாதை திறந்தது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் மலேரியா வந்து தலைநகரத்தைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கையில் காசு உள்ளவர்கள் குளிர்ந்த மேட்டுக்குக் குடியேறினார்கள். வேலையும் வியாபாரமும் துறைமுகத்தில், படுக்கை மேட்டில். ரயில் இருந்ததால்தான் அது நடந்தது. ரோஸ் ஹில், போ பாசேன், கியூர்பிப் எல்லாம் அப்படிப் பெருத்த ஊர்கள். யாரிடமும் கார் இல்லாத காலம். ஸ்டேஷனைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றி வீடு, எல்லாத் தெருவும் எப்படியோ வளைந்து ஸ்டேஷனில் போய் முடியும். ரோஸ் ஹில்லின் நடுப்பகுதியில் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்து சேரலாம். நான் அந்த ஊர்க்காரன் என்பதால் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், கொஞ்சம்தான்.

பிறகு பஸ்ஸும் காரும் வந்தன. 1956-இல் பயணிகள் ரயில் நின்றது. 1964-இல் சரக்கு ரயிலும் நின்றுபோனது. தடம் வெறும் நிலமாகக் கிடந்தது. சில இடங்களில் மரம் நட்ட நடைபாதையானது, சில இடங்களில் மாடு மேய்ந்தது. 1960-இன் தொடக்கத்தில் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்துப் பல்லாயிரம் வீடுகளைப் பெயர்த்தபின், அரசு 'சித்தே' என்ற தொகுப்புக் குடியிருப்புகளைக் கட்டியது. மற்றவர்களும் மரமும் தகரமும் விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். கரும்புத் தோட்டங்கள் மனைகளாயின. ரயிலே இல்லாத அந்த அறுபது ஆண்டுகளில் வீடு கட்டிய எவரும் ரயில் தடத்தை நோக்கி வாசல் வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? அங்கே புதர்தான் இருந்தது. அதற்குப் பின்மதிலைக் காட்டினார்கள். 2020 ஜனவரியில் ரோஸ் ஹில் வரையும், 2022 அக்டோபரில் கியூர்பிப் வரையும் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, பெரும்பகுதி அந்தப் பழைய தடத்திலேயே தண்டவாளம் இறங்கியது. ரயில் தன் பழைய வழிக்குத் திரும்பி வந்தது; ஊரோ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. மொரீஷியஸ் மெட்ரோவுக்கு நடந்து போகும் சிக்கலில் பாதி இந்த ஒன்றில் அடக்கம் என்பது என் எண்ணம்.

மெட்ரோவும் தன் பங்குக்கு ஒரு மதிலைச் சேர்த்தது. முன்பு வெறும் தடமாக இருந்தபோது, எங்கே வேண்டுமானாலும் குறுக்கே கடந்து அந்தப் பக்கத்துக் கடைக்குப் போகலாம். இப்போது பல இடங்களில் வேலி. கடக்கும் இடம் ஒன்றைத் தேடிப் போக வேண்டும். பாதுகாப்புக்கு வேலி தேவை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கடவைகளுக்கு நடுவில் இருப்பவருக்கு ரயில் வந்ததால் ஸ்டேஷன் தூரமாகிவிட்டது. வேடிக்கைதான்.

முட்டுச்சந்துகளுக்கு விற்பனையாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நம் குடும்பங்களும் காரணம். இங்கே சொத்துச் சட்டம் பிரெஞ்சு வழி. பிள்ளைகளுக்குப் பங்கு போயே தீரும். தாத்தாவின் ஒரு ஆர்பாங் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் முன்பங்குக்காரருக்குச் சாலை. பின்பங்குக்காரர்களுக்கு மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு தனிப்பாதை, கடைசி வீட்டோடு முடியும். பக்கத்து நிலத்திலும் அதே கதை. இரண்டு தனிப்பாதைகளின் முடிவுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மதில். அதைத் தாண்டினால் இரண்டு நிமிடத்தில் அடுத்த தெரு. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் நம் சொந்தக்காரர் இல்லை. 1990-ஆம் ஆண்டு மோர்செல்மான் சட்டப்படி மனை பிரிக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு வந்த வரைபடங்களில் நான் பார்த்தவரை, அவரவர் நிலத்துக்குள் சாலை இருக்கிறதா, வடிகால் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. பக்கத்து வரைபடத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் பழக்கம் குறைவு. இரண்டு நல்ல வரைபடங்கள் அருகருகே வந்து ஒரு மோசமான ஊரை உண்டாக்குவதை மேசையில் வைத்தே கண்டிருக்கிறேன்.

சரி, தூரம் மட்டும்தானா என்றால் இல்லை. தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். காத்ர் போர்னில் கோர் த கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறோம். வெறும் கால், ஜனவரி அல்லது பிப்ரவரி வெயில், தோளில் பாரம், நாக்கில் வேல். கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறோம். என் பக்கத்து வீட்டுக்காரர் எழுபதை நெருங்குகிறவர். ஒவ்வோர் ஆண்டும் பால்குடத்தோடு முழுத் தூரமும் நடக்கிறார். மற்ற நாட்களில் பஸ் நிறுத்தம் வரைகூட மகன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டு விடவேண்டும். பக்திதான் காரணம் என்று சொல்வீர்கள், பக்தி உண்டு. ஆனால் அன்றைக்குச் சாலையைப் பாருங்கள். கார்களை நிறுத்திவிடுகிறார்கள். தெரு முழுக்க மனிதர்கள். சூடு தெரியாமல் இருக்க வழியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் யாராவது நிற்கிறார்கள். தள்ளாடினால் பிடிக்க ஆள் உண்டு. மறுநாள் அதே சாலையில் நடந்து பாருங்கள். நடைபாதை இருபது மீட்டருக்கு ஒரு முறை முடிந்துபோகும். ஒருபுறம் மூடியில்லாத கருங்கல் வடிகால், மறுபுறம் காதை உரசிக்கொண்டு போகும் லாரி. கால் அதேதான்.

போக்குவரத்துக் கணக்கர்களும் இதைத் தங்கள் மொழியில் ஒப்புக்கொள்கிறார்கள். ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தை ஒரு நிமிடமாகவும், நடக்கும், காத்திருக்கும் ஒரு நிமிடத்தை ஏறக்குறைய இரண்டு நிமிடமாகவும் எண்ணுவது அவர்கள் வழக்கம். மனம் அப்படித்தான் எண்ணுகிறது. வரிக்குதிரைக் கோடு இல்லாத பெரிய சாலையைக் கடக்க ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தால், ஸ்டேஷன் 80 மீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று பொருள். எந்த வரைபடத்திலும் அந்த 80 மீட்டர் தெரியாது.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். உங்கள் வீட்டில் ஊரமைப்பைச் சரியாகப் புரிந்து வைத்திருப்பவர் அவர்தான். காலையில் நடக்கிறார், மாலையில் நடப்பதில்லை. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதானே என்று நாம் நினைக்கிறோம்; அவருக்கு அது இரண்டு வழி. காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், வாசல் பெருக்குகிறவர்கள், ரொட்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் தெருவில். ஜூன் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. வகுப்பு முடிந்து, ரோஸ் ஹில்லில் வண்டி மாறி, வாக்வாவில் இறங்கும்போது இருட்டு. உங்கள் ஊர்த் தூறலும் சேரும். (வாக்வா என்ற பெயரே நம் தாழையின் இனத்து மரத்திலிருந்து வந்தது, ஈரம் அந்த ஊரின் பெயரிலேயே ஊறியிருக்கிறதோ என்று தோன்றும்.) ஸ்டேஷனிலிருந்து பெரிய சாலை வரை விளக்கு. அதன்பின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் கட்டிய மதில். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, நடுவில் சிக்கிக்கொண்டால் கூப்பிட்ட குரலுக்கு யாரும் இல்லை, தெருநாய்களைத் தவிர. அங்கே முன்பு ஒரு சீனன் கடையோ தபாஜி என்ற பெட்டிக்கடையோ இருந்திருந்தால், கடைக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அந்த 200 மீட்டரில் நடப்பவருக்கு அவர்தான் விளக்கு. பெரிய மால்கள் வந்தபின் அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குடியிருப்பில் வீடு மட்டும், கடை வேறெங்கோ என்று பிரித்து வைத்தால் மாலையில் தெரு காலியாகும் என்பது எதிர்பாராத விபத்தல்ல.

ஆகவே மகள் உங்களுக்குப் போன் செய்கிறார். போன் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் காரும் மாலையில் ஸ்டேஷன் பக்கம் இருந்தால் வசதி. அது மாலையில் அங்கே இருக்க வேண்டுமானால் காலையில் அதை நீங்கள் அங்கே கொண்டு போயிருக்க வேண்டும். உங்கள் காலைப் பயணத்தைத் தீர்மானிப்பது உங்கள் மகளின் மாலைப் பயணம். கருத்துக் கணிப்பு எடுப்பவர்கள் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனில் நின்று "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மாலை ஆறரைக்கு நின்று "எப்படிப் போகப் போகிறீர்கள், உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

உங்களுக்குப் போர்ட் லூயி முனையில் எந்தச் சிக்கலும் இல்லை என்பதையும் கவனியுங்கள். இறங்கினால் நடந்தே அலுவலகம். அந்த ஊரின் நடுப்பகுதி 1735-க்குப்பின் லாபூர்தொனே ஆளுநராக இருந்தபோது உருப்பெற்றது. புதுச்சேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் ஆட்கள் அங்கே கல் வேலையும் மர வேலையும் செய்தார்கள். சின்னச் சின்னத் தெருப்பகுதிகள், நேர்த்தெருக்கள், ஒரு தெரு அடைத்திருந்தால் அடுத்த தெரு, வழியெல்லாம் கடை. கார் இல்லாத காலத்து ஊர் இன்றைக்கும் நடப்பவனுக்கு உதவுகிறது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், சுரங்க நடைபாதையில் இறங்கி ஏறிக் கடலோரக் கோடானுக்குப் போக வேண்டியவர்கள் பாடுதான் வேறு. 2013 மார்ச் 30 வெள்ளத்தில் அந்தச் சுரங்க நடைபாதையில் போன உயிர்களை இந்த ஊர் மறக்கவில்லை. மழை இருட்டினால் படி இறங்க இன்றும் சிலர் தயங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். கார் நேராகப் போக, மனிதன் பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டும் என்று வகுத்தவர்கள் ஒரு முறையாவது மழையில் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவியின் கதை இதற்கு நேர் எதிர். அவருக்கு வீட்டு முனையைவிட வேலை முனைதான் தடை. எபேன் 2000-களின் தொடக்கத்தில் கரும்பு வயலில் எழுந்த கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரமும் தனக்கென்று வேலியும் கார் நிறுத்தமும் வைத்துக்கொண்டு தனித்தனித் தீவாக நிற்கிறது. 2023 ஜனவரியில் ரோஸ் ஹில்லிலிருந்து ரெதுய் வரை கிளைப்பாதை திறந்தபோது எபேனுக்கு ஸ்டேஷன் கிடைத்தது. ஆனால் வாக்வாவிலிருந்து வருபவர் த்ரியானோனைத் தாண்டி ரோஸ் ஹில் வரை போய், வண்டி மாறி, ஓரளவு வந்த பக்கமே திரும்பி வரவேண்டும். இறங்கியபின் வெயிலில் கார்களுக்கிடையே நடை. மதியம் ஒரு வேலைக்கு வெளியே போக வேண்டுமென்றாலும் கார் இல்லாமல் முடியாது. வீட்டு முனையில் நம்மிடம் சைக்கிள் உண்டு, கார் உண்டு, கொண்டுவிட ஆள் உண்டு. இறங்கும் முனையில் இரண்டு கால்தான். நெதர்லாந்தில் வீட்டுப்பக்க ஸ்டேஷனுக்குப் பத்தில் நாலு பேர் சைக்கிளில் வருகிறார்கள். இறங்கும் பக்கத்தில் அந்தப் பங்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது, சைக்கிள் ஏறிய இடத்திலேயே நிற்பதால். சைக்கிள் நாட்டிலேயே அப்படி. ஆகவே அலுவலகங்களை ஸ்டேஷனை ஒட்டி வைப்பது, வீடுகளை ஒட்டி வைப்பதைவிட அவசரம் என்று நினைக்கிறேன். இங்கே இரண்டையும் விட்டுவிட்டு ஸ்டேஷனை ஒட்டிக் கார் நிறுத்தம் வைக்கச் சொல்கிறார்கள். நூறு கார் நிற்க, உள்வழியோடு சேர்த்து, 2,500 சதுர மீட்டராவது வேண்டும். பெரும்பாலும் காருக்கு ஒரு ஆள். ஒரு மெட்ரோ வண்டி 300 பேரைத் தாங்கும். அவ்வளவு நிலத்தைக் கொடுத்தும் வண்டியில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். அந்த நிலத்தில் வந்திருக்கக்கூடிய கடையும் வீடும் போயின. நீங்கள் அங்கே நிறுத்துகிறவர் என்பதால் கோபிக்காதீர்கள்.

இணைப்பு பஸ் விட்டால் தீராதா என்று கேட்கலாம். பஸ்ஸுக்கும் தெரு ஊடுருவிப் போகவேண்டும். ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேற முடிந்தால் பஸ் உள்ளே வரும். முட்டுச்சந்தில் எந்த ஓட்டுநர் பின்னோக்கி எடுப்பார்? எனவே பஸ் பெரிய சாலையிலேயே நிற்கும். அங்கே வரை நடந்து வந்தவர், எதிரே போர்ட் லூயிக்கு நேரடி பஸ் வந்தால் அதில் ஏறிவிடுவார். அல்லது டாக்சி மாரோனுக்கு, அதாவது உரிமம் இல்லாமல் ஓடும் டாக்சிக்கு, கைகாட்டுவார். நடப்பவனை விரட்டும் அமைப்பு பஸ்ஸையும் விரட்டிவிடுகிறது.

இதையெல்லாம் நான் மட்டும் சொல்லவில்லை. 1997-இல் போக்குவரத்து ஆய்வாளர்கள் ராபர்ட் செர்வெரோவும் காரா காக்கல்மனும் அடர்த்தி, கலப்பு (வீடும் கடையும் வேலையிடமும் கலந்திருப்பது), அமைப்பு என்ற மூன்றால் ஓர் இடத்துப் பயணங்களை விளக்கலாம் என்று எழுதினார்கள். 2010-இல் ரீட் யூயிங்கும் செர்வெரோவும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடையோடு வலுவாகச் சேர்ந்து வந்தவற்றில் தெருச்சந்திப்புகளின் நெருக்கம் முன்னால் நின்றது. வெறும் மக்கள் அடர்த்தி நாம் நினைத்த அளவுக்கு இல்லை. மாடி மாடியாக வீடு கட்டிவிட்டால் ரயில் நிறைந்துவிடும் என்று பேசுகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: நடக்க விரும்புகிறவர்களே நடக்க வசதியான இடத்தில் வீடு தேடுகிறார்கள், ஆகவே எல்லாப் பெருமையும் தெருவுக்கு அல்ல. என்றாலும் உங்கள் மகள் வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். அவருடைய காலும் போனும் சொல்வது தெருவின் கதைதான்.

என்ன செய்யலாம்? ஊரை இடித்துக் கட்ட முடியாது. மதிலில் ஒரு வாசல் திறக்கலாம். எம்பாஸின் முடிவில் இரண்டு மீட்டர் அகலத்தில் நடைபாதை, கார் நுழையாமல் இரண்டு கட்டைத்தூண், ஒரு விளக்கு. அவ்வளவுதான் செலவு. எதிர்ப்புதான் அதிகம். வேறொரு ஊரில் இப்படியொரு வாசலுக்காக நான் கூட்டம் போட்டபோது, முதல் வரிசையில் இருந்த ஓர் அம்மா, "திருடனுக்கும் குறுக்குவழி வைக்கிறாயா தம்பி?" என்றார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. கூட்டம் அதோடு கலைந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிரிட்டனில் காவல்துறை சார்பில் வரும் வீட்டமைப்பு நெறிகளும் பின்மதிலை ஒட்டி வளைந்து போகும் ஒதுக்குச்சந்துகள் வேண்டாம் என்றே சொல்கின்றன. ஆனால் ஒதுக்குச்சந்து வேறு, பாதை வேறு. பாதை நேராக இருக்க வேண்டும். நுழையும்போதே மறுமுனை தெரிய வேண்டும். நீளம் குறைவாக இருக்க வேண்டும். ஒரு வீட்டின் முன்வாசலாவது அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்து மதில் இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது, மேலே கம்பி வேலி இருக்கலாம். இந்த ஐந்தும் இல்லாவிட்டால் அந்த அம்மா பக்கம்தான் நானும் நிற்பேன்.

மழைக்குச் சிங்கப்பூரிடம் கற்கலாம். 2013-இல் தொடங்கிய திட்டத்தில் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரை போட்ட நடைபாதைகள் கட்டினார்கள். கியூர்பிப்புக்கும் வாக்வாவுக்கும் அதுபோல ஒன்று வேண்டும். குடை பிடித்து, பையும் பிடித்து, லாரி தெறிக்கும் சேற்றுக்கும் ஒதுங்க மூன்று கை யாருக்கும் இல்லை.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நாள் காரை வீட்டில் விட்டுவிட்டு, மாலை ரயிலில் வந்து மகளோடு சேர்ந்து இறங்கி நடங்கள். நீங்கள் முன்னால் போகாதீர்கள். அவர் எங்கே நடையை விரைவாக்குகிறார், எங்கே போனைக் கையில் எடுக்கிறார் என்று பாருங்கள். அந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நகராட்சியில் உங்கள் குடியிருப்பின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எம்பாஸின் மதிலுக்கு அப்பால் இருக்கும் துண்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வடிகாலுக்கு ஒதுக்கிய நிலம் என்றிருந்தால் வடிகாலை மூடி மேலேயே நடக்கலாம், வேலை எளிது. தனியார் பெயர் இருந்தால் அவருக்கும் ஸ்டேஷனுக்கு நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.